பேடு என்னும் சொல்லும் நம் உள்ளத்து வெறுப்பும்

நன்னூல் பெயரியலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் ஒரு நூற்பாவை மட்டும் விரைந்து கடந்துவிடுவது வழக்கம். ஆண்பால், பெண்பால் என்னும் பகுப்புக்குள் எளிதில் அடங்காது நிற்கும் 'பேடு' என்பதற்குப் பவணந்தியார் இலக்கணம் கூறும் இடம் அது. நூற்பாவைப் படித்தவுடன் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். அது முன்வரிசைவரை பரவும். ஆசிரியரும் இலேசாகப் புன்னகைத்து, "சரி, அடுத்த நூற்பா" என்பார். நாமும் அவ்வாறு செய்தவர்களே.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நாம் அப்போது பணியாற்றிய கல்லூரி ஒன்றில், அத்தகைய சிரிப்பு எழுந்த ஒரு நாளில், இரண்டாம் வரிசையில் ஒரு மாணவர் மட்டும் தலைகவிழ்ந்திருக்கக் கண்டோம். நடையும் குரலும் ஏனைய மாணவர்களினின்று சிறிது வேறுபட்டிருந்தமையால் அவருக்கு விடுதியில் ஒரு பட்டப்பெயர் வழங்கிவந்ததை நாம் அறிந்திருந்தோம். அறிந்தும் தடுத்தோமில்லை. அன்றுமுதல் அப்பட்டப்பெயர் 'பேடு' என மாறிற்று. அதற்கு இலக்கணச் சான்றும் கிடைத்துவிட்டதன்றோ! அப்பருவம் முடியுமுன் அவருடைய தந்தையார் வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். காரணம் வினவியபோது, "உடம்புக்கு முடியவில்லை" என்று மட்டும் சொன்னார். மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் நாம் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். இரண்டாண்டு கட்டணம் செலுத்திய ஒருவரை ஒரு சொல்லால் வெளியேற்றினோம் என்பது அப்போது எமக்குத் தோன்றவில்லை.

பிறந்தபோது உடலைக் கண்டு ஆண் என்றோ பெண் என்றோ பிறர் வகுத்த பாலோடு தம் உள்ளுணர்வு பொருந்தாதாரை இன்று நாம் 'திருநர்' என்கிறோம். ஆணெனக் கொள்ளப்பட்டுப் பெண்ணாக உணர்வோர் திருநங்கையர். பெண்ணெனக் கொள்ளப்பட்டு ஆணாக உணர்வோர் திருநம்பியர். இவர்கள்பால் பலருக்குள்ள இகழ்ச்சியும் அருவருப்பும் இவர்களைக் கண்டு பழகியதனால் வந்தவை அல்ல. நம்மிற் பெரும்பாலோர் ஒரு திருநங்கையோடு பத்து நிமிடம்கூட அமர்ந்து பேசியதில்லை. பழகாமலே வெறுப்பு வந்தது எனின், அது ஆண்மை, பெண்மை, காமம் என்பவை பற்றி நாம் முன்னரே கொண்டிருக்கும் சில எண்ணங்களிலிருந்து வந்ததாகல் வேண்டும். அவ்வெண்ணங்கள் எவை, அவை நம் சொற்களில் எவ்வாறு தங்கியிருக்கின்றன என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இலக்கணிகள் கண்ட உண்மை

முதல் எண்ணம், உலகில் உள்ளவை ஆண், பெண் என இரண்டே. மூன்றாவதாக ஒன்று தோன்றினால் அது இயற்கைக்கு முரண் என்பது. இதனோடு, "இதெல்லாம் மேனாட்டிலிருந்து வந்த புதுமை" என்னும் கூற்றும் அண்மைக் காலமாகச் சேர்ந்துகொண்டது. தமிழ் படித்தவர் இதனைச் சொல்வது வியப்புக்குரியது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே இதனைப் பேசுகிறார். மக்களை உயர்திணை எனவும், அதனை ஆண், பெண், பலர் எனவும் வகுத்துக் காட்டியவர், அடுத்து, ஆண்மை திரிந்து பெண்மை சுட்டி நிற்கும் பெயருக்கும், தெய்வம் சுட்டும் பெயருக்கும் தமக்கெனத் தனி ஈறு இல்லையென்றும், அவை உயர்திணைப் பால்களின் ஈற்றையே கொண்டு முடியும் என்றும் கூறுகிறார். தெய்வமும் பேடியும் ஒரே நூற்பாவில் நிற்பதும், இரண்டும் உயர்திணைக்குள்ளேயே வைக்கப்பட்டிருப்பதும் நோக்கத்தக்கன. அதோடு அவர் நிற்கவில்லை. சில நூற்பாக்களுக்குப் பின்னர், ஆண்மை திரிந்த அப்பெயர் ஆண்பால் ஈற்றைக் கொள்வதற்கு இடமில்லை என்று வெளிப்படையாக விலக்குகிறார். ஒரு திருநங்கையை 'வந்தான்' என்று சொல்லுதல் இலக்கணப்படி வழு என்பதே இதன் பொருள். உரையாசிரியர்கள் 'வந்தாள்' என்று பெண்பால் வினையும், 'வந்தார்' என்று பலர்பால் வினையும் கொடுத்து எடுத்துக்காட்டுவர்.

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பவணந்தியார் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால். திருநம்பியரும் திருநங்கையரும் ஆகிய இருசாராரையும் அவர் அறிந்திருக்கிறார் என்பது ஒன்று. பால் எது என்பதற்கு அவர் வைத்த அளவுகோல் 'அவாவுதல்' என்பது மற்றொன்று. விட்டது எது என்பதைக் கொண்டு அவர் பால் வகுக்கவில்லை. நாடிச் செல்வது எது என்பதைக் கொண்டே வகுத்தார். 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், தம் பாலினம் இன்னதென்று தாமே உரைத்துக்கொள்ளும் உரிமை திருநருக்கு உண்டென்று தீர்ப்பளித்தபோது, அதனைப் புரட்சி என்றார்கள் பலர். பவணந்தியாரைப் படித்தவர்க்கு அது அத்துணைப் புதிதன்று.

ஆயினும் இங்கே ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. அந்நூற்பாவின் மூன்றாம் அடி, இவ்விரண்டும் அஃறிணை போன்றும் வரும் என்கிறது. 'பேடு வந்தது' என்பது அதற்குக் காட்டாகும். உயர்திணை என்னும் வீட்டில் இடங்கொடுத்த இலக்கணமே பின்வாசலையும் திறந்து வைத்துவிட்டது. உலக வழக்கில் மக்கள் எவ்வாறு பேசினார்களோ அதனையே இலக்கணி பதிவு செய்தார் என்று அமைதி கூறலாம். கூறினும், இன்றைக்கும் தெருவில் ஒரு திருநங்கையைக் கண்டு "அது போகுது பார்" என்பவன், தன்னையறியாமல் அந்த மூன்றாம் அடியைத்தான் பேசுகிறான்.

இரண்டு பால்கள் உண்டென்று காண்பது தவறன்று. மாந்தரிற் பெரும்பாலோர் அவ்விரண்டில் ஒன்றில் அமைந்திருப்பதும் உண்மையே. பெரும்பான்மையைக் கண்டவுடன் அதனைச் சட்டமாக்கி, அதற்குப் புறம்பாக நிற்பவரைப் பிழையெனக் கொள்வதிலேதான் தவறு நிகழ்கிறது. நம் இலக்கணிகள் பெரும்பான்மைக்கு விதி கூறியபின் சிறுபான்மைக்குப் புறனடை கூறுவர். புறனடையைப் பிழையென்று எந்த ஆசிரியரும் கற்பிப்பதில்லை.

'பேடி' வசையானது எவ்வாறு?

இரண்டாம் எண்ணம் முதலாவதைவிடக் கொடியது, ஆழமானது. ஆண் உயர்ந்தவன், பெண் தாழ்ந்தவள் என்பதே அது. இதற்கும் திருநங்கையருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அவர்களைப் பழிக்கும் சொற்களைப் பிரித்துப் பார்த்தாலே தொடர்பு விளங்கும்.

தொருக்களில் அவர்கள்மீது எறியப்படும் சொற்களுள் ஒன்று 'பொட்டை'. பொட்டைக் கோழி என்கிறோமே, அந்தப் பொட்டைதான். பெண் என்பதற்கு மேல் அச்சொல்லில் வேறு பொருள் இல்லை. 'பேடு' என்பதும் பேடை, பெடை, பெட்டை என்னும் சொற்களின் இனத்தைச் சேர்ந்தது. தொல்காப்பிய மரபியல் பெண்மைப் பெயர்களைத் தொகுக்கும் இடத்தில் பேடையும் பெடையும் பெட்டையும் முன்னிற்கின்றன. ஆக, ஒருவரைப் 'பெண்' என்று அழைப்பதே நம் மொழியில் ஒரு வசைக்குப் போதுமானதாக இருக்கிறது. திருநங்கைமீது எறியப்படும் கல் முதலில் பெண்ணின்மேல் பட்டே செல்கிறது.

வள்ளுவர் இரண்டு இடங்களில் பேடியின் கையிலுள்ள வாளை உவமையாக எடுக்கிறார். முயற்சியில்லாதவன் செய்ய நினைக்கும் உதவி ஓரிடத்திலும், அவைக்கு அஞ்சுபவன் கற்ற கல்வி மற்றோரிடத்திலும், பேடி கைவாள்போல் பயன்படாது என்கிறார். வள்ளுவரிடம் குறைகாண்பது எமது நோக்கமன்று. அக்காலத்து வழக்கு அது. ஆனால் அவ்வுவமை எதனை ஆதாரமாகக் கொண்டிருக்கிறது என்று காணவேண்டும். வாள் ஆணுக்குரியது, வீரம் ஆணுக்குரியது, ஆண்மை திரிந்தால் வீரமும் போய்விடும் என்னும் கணக்கு அதில் இருக்கிறது. 'ஆண்மை' என்னும் ஒரே சொல் ஆணாயிருத்தலையும் ஆளுந்திறனையும் குறிப்பதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றும் மயக்கம் எளிதில் உண்டாகிறது. அதே வள்ளுவர் பிறன்மனை நோக்காமையைப் பேராண்மை என்று வேறோரிடத்தில் சொல்லும்போது, அச்சொல்லை உடலினின்றும் வாளினின்றும் பிரித்து ஒழுக்கத்தின்மேல் ஏற்றிவிடுகிறார். அப்பேராண்மை எப்பாலார்க்கும் இயலும். மேடைகளில் எதிராளியைப் 'பேடி' என்று ஏசும் வழக்கமுடையோர் முந்திய இரண்டு குறள்களை நினைவில் வைத்திருக்கிறார்கள், இதனை மறந்துவிட்டார்கள்.

பழந்தமிழ்ப் புலவர்கள் பேடியை ஏளனப் பொருளாக மட்டும் கண்டார்களா எனின், அதுவும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று பேடு. காமன் ஆடியதாக அது சொல்லப்படுகிறது. மணிமேகலையில் புகார் நகரத் தெருவில் பேடிக்கோலம் கொண்டு ஆடுவோரைச் சூழ்ந்து நின்று மக்கள் காண்கின்றனர். பாரதக் கதையில் அருச்சுனன் ஓராண்டு பேடியாக விராடன் அரண்மனையில் வாழ்கிறான்; அதனால் அவன் வீரம் குறைந்ததென்று எவரும் சொன்னதில்லை. கோலமாகவும் கூத்தாகவும் இருக்கும்வரை நம் மரபு இதனை விரும்பிக் கண்டது. ஓராண்டில் கழற்றிவைக்கும் வேடமெனின் இடர் இல்லை. ஒருவர் அதனையே தம் வாழ்வு என்று சொல்லும்போதுதான் நம் முகம் மாறுகிறது.

வீடுகளிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. மகள் அண்ணனின் சட்டையை அணிந்துகொண்டு மிதிவண்டி ஓட்டினால், "இவள் ஆண்பிள்ளை மாதிரி" என்று பெருமையாகச் சொல்லும் தந்தை உண்டு. மகன் அக்காளின் வளையலை அணிந்துகொண்டால் அடி விழும். ஒன்று ஏற்றமாகவும் மற்றது இறக்கமாகவும் தோன்றுவதே காரணம். இதனால் திருநம்பியர் நிலை நன்று என்று கொள்ளற்க. சிறுமியாக இருக்கும்வரை கிடைக்கும் அந்தச் செல்லம் பருவமடைந்த அன்றே முடிந்துவிடும். அதன்பின் வீட்டுக்குள் அடைத்தலும், கேளாமல் மணமுடித்து வைத்தலுமே மருந்தெனக் கொள்ளப்படும். தெருவில் அவர்கள் ஏசப்படுவது குறைவு. தெருவுக்கே அவர்கள் வர இயலாமையே அதன் காரணம்.

காமம் என்னும் கண்ணாடி

மூன்றாம் எண்ணம், இவர்கள் யாவரும் காமத்தின் பொருட்டே இவ்வாறு ஆயினர் என்பது. தாம் யார் என்னும் உணர்வு வேறு. யார்மீது நாட்டம் என்பது வேறு. முன்னது பலருக்கு நாட்டம் என்பது இன்னதென்றே அறியாத சிறு வயதில் தோன்றுவது. 2005இல் வெளிவந்த ரேவதியின் 'உணர்வும் உருவமும்', 2007இல் வெளிவந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' முதலிய நூல்களைப் படிப்போர் இதனை உணர்வர். ஆனால் திருநர் என்றவுடன் நம் உள்ளம் படுக்கையறைக்குத் தாவிவிடுகிறது. வேறு எந்த மனிதரைக் கண்டாலும் முதலில் ஊரையும் தொழிலையும் கேட்கும் நாம், இவர்களைக் கண்டால் மட்டும் கேட்கக்கூடாததை எண்ணுகிறோம்.

இவ்வெண்ணத்திற்குச் சட்ட வடிவம் கொடுத்தவர்கள் ஆங்கிலேயர். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவு இயற்கைக்கு மாறான புணர்ச்சி என்று ஒன்றைக் குற்றமாக்கியது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிச் சட்டம் தன் இரண்டாம் பகுதியை முழுவதும் இவர்களுக்கென ஒதுக்கியது. முதலில் வடஇந்திய மாகாணங்களில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, ஐயத்திற்குரிய 'அலிகள்' எனக் கருதப்பட்டோர் பெயரும் இருப்பிடமும் பதிவேட்டில் எழுதப்பட்டன. பதிவு செய்யப்பட்ட ஒருவர் பெண்ணுடையும் அணியும் பூண்டு பொதுவிடத்தில் தோன்றினாலோ, பொதுவில் ஆடினாலோ பாடினாலோ பிடியாணையின்றிக் கைது செய்யப்படலாம்; ஈராண்டுவரை சிறை விதிக்கப்படலாம். அவர் ஒரு குழந்தைக்குக் காப்பாளர் ஆகமுடியாது, தத்தெடுக்க முடியாது, தம் பொருளை உயிலெழுதி வைக்கவும் முடியாது. திருடியதற்கோ அடித்ததற்கோ அன்று. உடுத்தியதற்கும் ஆடியதற்கும் இத்தண்டனை.

1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி என்பவரின் வழக்கு இதனை நன்கு விளக்கும். பெண்ணுடை உடுத்திப் பெண்களிடையே பாடிக்கொண்டிருந்ததைக் கண்ட காவலர் அவரைப் பிடித்து மருத்துவச் சோதனைக்கு உள்ளாக்கி, 377ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடர்ந்தனர். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. எந்நாளில், எவ்விடத்தில், எவரோடு குற்றம் நிகழ்ந்தது என்பதற்கு ஒரு சான்றும் இல்லையென்று கூறி உயர் நீதிமன்றம் விடுவித்தது. விடுவித்த நீதிபதியும் காவலரின் ஆர்வத்தைப் பாராட்டியே எழுதினார். சேலை கட்டியிருந்தமையே குற்றத்திற்குச் சான்றாகிவிட்டது. உடையைக் கண்டவுடன் காமம் நடந்துமுடிந்ததாக முடிவு செய்தாகிவிட்டது. அச்சட்டங்கள் போயின. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயதுவந்தோர் மனமொத்த உறவை 377ஆம் பிரிவினின்று நீக்கியது. 2024இல் அத்தண்டனைச் சட்டமே மாறிற்று. அந்தக் காவலரின் கண்ணோட்டம் மட்டும் இன்னும் போகவில்லை.

இவ்வெண்ணம் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ளும் விதத்தையும் காண்க. பள்ளியில் ஏளனத்தால் படிப்பு நின்றுவிடுகிறது, வீடு கதவை அடைக்கிறது, வாடகைக்கு வீடு தருவாரில்லை, வேலை தருவாரில்லை. எஞ்சியவை கைதட்டிக் காசு கேட்பதும் உடலை விற்பதுமே. அந்நிலைக்கு வந்தபின், "பார்த்தீர்களா, இவர்கள் இயல்பே இதுதான்" என்கிறோம். வழியை அடைத்தவர்களே, ஏன் முட்டுச்சந்தில் நிற்கிறாய் என்று கேட்பதைப் போன்றது இது. பல திரைப்படங்களின் நகைச்சுவைக் காட்சிகளும் பல்லாண்டுகளாக இந்த வாதத்தையே பாடமாக நடத்திவந்தன. வகுப்பின் பின்வரிசைச் சிரிப்பு அங்கே கற்றது.

விதிவிலக்காக நின்ற எழுத்துகளும் உண்டு. சு. சமுத்திரம் 1990களில் எழுதிய 'வாடாமல்லி' புதினத்தின் தலைமை மாந்தரும் ஒரு கல்லூரி மாணவர்தான். வார இதழில் தொடராக வந்ததால் நடுத்தரக் குடும்பங்களின் கூடத்திற்குள் அக்கதை சென்றது. எம் துறையின் நூலகத்தில் அந்நூல் இருந்தது. நாம் அந்த மாணவருக்கு அதனை எடுத்துக் கொடுக்கவில்லை.

பெரியோர்கள் கேட்கும் வினா

இம்மலரைப் படிக்கும் சமுதாயப் பெரியோர்கள், "மார்க்கம் இதனை ஏற்கிறதா?" என்று வினவுவர். வினவுவது முறையே. நாம் மார்க்கத் தீர்ப்புக் கூறும் தகுதியுடையோம் அல்லோம். நூல்களில் உள்ளதைச் சுட்டுவதோடு அமைகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவில் 'முகன்னஸ்' எனப்பட்டோர் இருந்தனர். அவர்கள் நபியவர்களின் இல்லத்துப் பெண்களிடம் வந்து செல்லவும் தடையின்றி இருந்தனர். அவருள் ஒருவர் ஒரு பெண்ணின் உடலழகை வருணித்துப் பேசியது கேட்ட பின்னரே அந்த அனுமதி நீக்கப்பட்டது என்று புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் காண்கிறோம். பெண்களைப்போல் நடிக்கும் ஆண்களையும் ஆண்களைப்போல் நடிக்கும் பெண்களையும் கண்டிக்கும் நபிமொழியும் உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் விரிவுரையில், படைப்பிலேயே அவ்வியல்பு அமைந்தோர் வேறு, வலிந்து புனைந்துகொள்வோர் வேறு எனப் பிரித்து, முன்னவர்மீது பழியும் இல்லை, பாவமும் இல்லை என்ற அறிஞர் கருத்தை எடுத்துரைக்கிறார்கள். இது நடந்தது ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர்.

உடலமைப்பிலேயே இருபாற்குறி உடையோரைக் 'குன்ஸா' என்று பெயரிட்டு ஃபிக்ஹு நூல்கள் மிக நுட்பமாகப் பேசுகின்றன. ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு வழியாரும் தமிழகத்தில் வாழ்வதால் இதனை நம் மதரஸா மாணவர்கள் நன்கறிவர். பால் துணியப்படாத குன்ஸாவுக்குத் தந்தை சொத்தில் பங்கு எவ்வளவு, கூட்டுத் தொழுகையில் அவர் எவ்வரிசையில் நிற்க வேண்டும் என்பனவெல்லாம் வகுக்கப்பட்டுள்ளன. ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் இடையே அவருக்கென ஓரிடம் வைத்தார்கள் அறிஞர்கள். அவரைப் பள்ளிக்கு வரவேண்டாமென்றோ, பங்கு இல்லையென்றோ சொல்லவில்லை. குன்ஸாவின் விதி உடலைப் பற்றியது. திருநரின் உணர்வு உள்ளத்தைப் பற்றியது. ஆதலின் ஒன்றை மற்றதற்கு அப்படியே பொருத்தலாகாது என்பதும் உண்மை. அறுவை மருத்துவம் கூடுமா என்பதில் இன்றைய அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஈரானில் கொமெய்னி அதனை ஏற்றார். சுன்னத் வல்ஜமாஅத் அறிஞருட் பெரும்பாலோர் இருபாற்குறி உடையோர்க்கு மட்டுமே இசைவளிக்கின்றனர். அவ்விவாதம் அறிஞர் அவையில் நடக்கட்டும். ஒருவருடைய செயல் கூடுமா கூடாதா என்னும் வினாவும், அவரை இழிவுசெய்யலாமா என்னும் வினாவும் ஒன்றல்ல என்பதை மட்டும் பிரித்துணர வேண்டுகிறோம். இரண்டாம் வினாவுக்கு விடை திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 11ஆம் வசனத்தில் ஐயத்திற்கிடமின்றி உள்ளது: ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் அது விலக்குகிறது.

இடையே ஒரு செய்தி. தமிழகத் திருநங்கையர் தம் கூட்டமைப்பை 'ஜமாத்' என்றே அழைக்கின்றனர். வடஇந்தியாவிலிருந்து வந்த வழக்கு அது. பெற்ற வீடு கைவிட்டபின் தாய், மகள், பாட்டி என்று உறவுமுறை வைத்து ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் அமைப்புக்கு அந்த அரபுச் சொல் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் பள்ளிவாசல்களின் பெயர்ப்பலகையில் உள்ள அதே சொல்தான்.

மாறியவையும் மாறாதவையும்

2008இல் தமிழ்நாடு அரசு இந்தியாவிலேயே முதன்முறையாகத் திருநங்கையர்க்கு நலவாரியம் அமைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' என்ற வகையில் இந்தியாவில் 4,87,803 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் பதிவாயினர். வெளிப்படச் சொல்ல அஞ்சியோர் எண்ணிக்கை இதில் அடங்காது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் இதனை மனநோய்களின் பகுதியினின்று எடுத்துவிட்டது. பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இவற்றினும் எம் நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பாதுகாப்பு வேண்டிய இரு இளம்பெண்களின் வழக்கு வந்தது. அதனை விசாரித்த நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இத்தகையோரைப் பற்றித் தமக்கும் முன்முடிவுகள் உள்ளன என்பதைத் தயங்காது ஒப்புக்கொண்டு, உளவியல் அறிஞர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கற்றபின் ஆணை பிறப்பித்தார். அவ்வாணை திருநரையும் உள்ளடக்கியது. பால் உணர்வை 'மாற்றுகிறோம்' என்னும் மருத்துவ முயற்சிகளுக்குத் தடை விதித்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே 2022இல் இம்மக்களைக் குறிக்கும் மதிப்புடைய தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. நீதிபதி ஒருவர் தாம் மாணாக்கராவதற்கு நாணவில்லை. ஆசிரியர்களாகிய நமக்கு ஏன் நாணம் என்று எண்ணினோம்.

இப்போது பல கல்லூரி விண்ணப்பங்களில் ஆண், பெண் என்னும் கட்டங்களுக்கு அருகே மூன்றாவதாக ஒரு கட்டம் அச்சிடப்படுகிறது. அதில் குறியிட்டவர் எந்தக் கழிவறைக்குச் செல்வார், எந்த விடுதியில் தங்குவார், வருகைப் பதிவின்போது எப்பெயரால் அழைக்கப்படுவார் என்பவற்றை அந்தக் கட்டம் கூறுவதில்லை.

நன்னூல் வகுப்பை இவ்வாண்டும் நாமே எடுத்தோம். நூற்பாவைக் கரும்பலகையில் எழுதியவுடன் வழக்கமான சிரிப்பு எழுந்தது. இம்முறை அடுத்த நூற்பாவுக்குச் செல்லாமல், 'பேடு' என்பதற்குப் பயனிலை என்னவாக வரும் என்று கேட்டோம். 'வந்தான்' என்றார் ஒருவர். 'வந்தாள்' என்றார் மற்றொருவர். 'வந்தது' என்று மெல்லிய குரலில் ஒருவர் சொல்ல மீண்டும் சிரிப்பு. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "வந்தார் என்று சொன்னால் போதாதா ஐயா? பெரியவர்களை அப்படித்தானே சொல்கிறோம்?" என்றார். அஃது உரையாசிரியர்கள் முன்பே காட்டிய முடிபு என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாய், மதிப்பும் ஏற்றி நிற்கும் அந்த 'ஆர்' ஈற்றைக் கரும்பலகையில் எழுதினோம்.

"அப்படியானால் மூன்றாம் அடியை என்ன செய்வது?" என்று முன்வரிசை மாணவர் கேட்டார். அதனையும் மனப்பாடம் செய்ய வேண்டும், தேர்வில் வரும் என்றோம். 'வந்தது' என்று ஏன் சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்பதையும் ஒரு பத்தியில் எழுதவேண்டும், அதற்கு இரண்டு மதிப்பெண் என்றும் சொன்னோம்.